பாரிமுனையில் ஒரு கிரவுண்டு: வாசகர் கேள்விகள்

(நம் பத்தியாளர் நகரமைப்புத் துறையில் வரைவாளராகச் சேர்ந்து, திட்ட அலுவலராக ஓய்வு பெற்றவர். இந்த இதழில், சென்னையில் பாரிமுனையைச் சுற்றியுள்ள ஜார்ஜ் டவுன் பற்றி வந்த கேள்விகளுக்கு மட்டும் பதில் சொல்கிறார்.)

மேடம், தம்புச் செட்டித் தெருவுக்கும் லிங்கிச் செட்டித் தெருவுக்கும் நடுவே ஒரு சந்தில் எங்கள் தாத்தா கட்டிய வீடு இருக்கிறது. அகலம் 18 அடி, நீளம் 120 அடி. கீழே இரண்டு வக்கீல் ஆபீஸ், ஒரு ஜெராக்ஸ் கடை. மாடி பூட்டிக் கிடக்கிறது. இடித்துவிட்டு எட்டு மாடி ஆபீஸ் கட்டலாம் என்று ஒரு பில்டர் வருகிறார். நடக்குமா?
– மண்ணடி வாசகர்

நடக்காது. அந்த பில்டருக்கும் அது தெரியும். அதனால் முதலில் ஒன்று சொல்லிவிடுகிறேன்: அவர் பவர் பத்திரம் கேட்டால் எழுதிக் கொடுத்துவிடாதீர்கள்.

இப்போது கணக்குக்கு வருவோம். உங்கள் மனை 2,160 சதுர அடி, ஒரு கிரவுண்டுக்குக் கொஞ்சம் குறைவு. தமிழ்நாடு ஒருங்கிணைந்த வளர்ச்சி மற்றும் கட்டட விதிகள், 2019 என்று ஒன்று இருக்கிறது. அதன்படி உயரமில்லாத சாதாரணக் கட்டடத்துக்கு எஃப்.எஸ்.ஐ. 2. அதாவது மனைப் பரப்பைப்போல் இரண்டு மடங்கு, 4,320 சதுர அடி கட்டலாம். 18.3 மீட்டரைத் தாண்டினால் அது உயரமான கட்டடம், அதற்கு எஃப்.எஸ்.ஐ. 3.25 வரை போகும். ஆனால் உயரமான கட்டடத்துக்குக் குறைந்தது 12 மீட்டர் அகலச் சாலை வேண்டும். உங்கள் சந்தில் எதிரெதிரே இரண்டு ஆட்டோ வந்தால் ஒன்று ரிவர்ஸ் எடுக்க வேண்டும் என்று நினைக்கிறேன். காசு கட்டி வாங்கும் பிரீமியம் எஃப்.எஸ்.ஐ.யும் சாலை அகலத்தைப் பார்த்துத்தான்.

சரி, 4,320 சதுர அடியாவது கட்டலாமே என்பீர்கள். ஜார்ஜ் டவுனில் ஒரு வசதி உண்டு. பழைய தெருக்கள் பலவும் 'தொடர் கட்டடப் பகுதி'. பக்கத்து வீட்டுச் சுவரை ஒட்டியே கட்டலாம், இரு பக்கமும் இடைவெளி விட வேண்டியதில்லை. 18 அடி அகல மனைக்கு அது பெரிய விஷயம். சிக்கல் பார்க்கிங்கில்தான். புதிதாக ஆபீஸ் கட்டினால் பரப்புக்கு ஏற்ற கார் நிறுத்தம் காட்ட வேண்டும். ஒரு கார் நிற்க 5 மீட்டர் நீளம் வேண்டும். உங்கள் மனையின் அகலமே ஐந்தரை மீட்டர். குறுக்கே நிறுத்தினால் கதவைத் திறந்து இறங்கி வெளியே போக வழியில்லை. நெடுக்கே வரிசையாக நிறுத்தினால், உள்ளே இருக்கிறவர் வீட்டுக்குக் கிளம்ப முன்னால் நிற்கும் அத்தனை பேரும் இறங்கி வர வேண்டும். அப்புறம் தரைத்தளம் முழுவதும் கார் என்றால், இன்று வாடகை தரும் ஜெராக்ஸ் கடையும் போச்சு. ஹைகோர்ட்டுக்கு நடந்து போகும் தூரத்தில் வக்கீல் ஆபீஸுக்குத் தரைத்தளத்தில் கிடைக்கும் வாடகை மூன்றாம் மாடியில் கிடைக்காது. லிஃப்ட் வைத்தாலும் கிடைக்காது.

பக்கத்து இரண்டு மனைக்காரர்களும் சேர்ந்தால் 54 அடி அகலம் வரும். பார்க்கிங் பிரச்சினை தீரும். ஆனால் உங்கள் ஊரில் மூன்று வீட்டுப் பங்காளிகளை ஒரு மேஜையில் உட்கார வைப்பது பிளான் அப்ரூவல் வாங்குவதைவிடக் கஷ்டம். தாத்தா கட்டிய வீடு என்கிறீர்கள், உங்கள் வீட்டிலேயே எத்தனை கையெழுத்து வேண்டும் என்று எழுதவில்லை.

என் யோசனை: இடிக்காதீர்கள். மர உத்தரங்களின் மேல் செங்கல் பாவிய பழைய 'மெட்ராஸ் டெரஸ்' தளமாக இருந்தால், தேக்கு உத்தரங்களைப் பார்க்கத் தெரிந்த ஒரு கட்டமைப்புப் பொறியாளரைக் கூப்பிட்டுக் காட்டுங்கள். பெரும்பாலும் உத்தரம் சுவருக்குள் நுழையும் முனைதான் செல்லரித்திருக்கும். அதைச் சரி செய்து, மாடியைத் திறந்து, சின்னச் சின்ன அறைகளாக வாடகைக்கு விடுங்கள். 1960ஆம் ஆண்டு வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டம் இருந்த காலத்தில் வீட்டுக்காரர்கள் மாடியைப் பூட்டியே வைத்ததற்குக் காரணம் இருந்தது. குடிவந்தவர் போக மாட்டார், வாடகையும் ஏறாது. அந்தச் சட்டம் இப்போது இல்லை. 2017இல் இயற்றிய புதுச் சட்டம் 2019 பிப்ரவரி முதல் நடைமுறையில் இருக்கிறது. எழுத்து ஒப்பந்தம் போட்டு, வாடகை அதிகார அமைப்பில் பதிவு செய்தால் அந்தப் பயம் வேண்டியதில்லை. தாத்தா காலத்துப் பூட்டை இன்னும் மாட்டி வைத்திருக்கிறீர்கள், அவ்வளவுதான்.

நான் முப்பது வருடம் ராஜாஜி சாலையில் ஒரு வங்கியில் வேலை பார்த்தேன். அப்போது மதியம் சாப்பாட்டு நேரத்தில் நடைபாதையில் நடக்க முடியாது. இப்போது பெரிய வங்கிகளின் தலைமையகங்கள் எல்லாம் வேறெங்கோ. பாரிமுனையை விட்டுப் பணம் ஏன் போனது?
– பெரம்பூர் வாசகி

நல்ல கேள்வி. 'ஜனநெரிசல், அதனால் போனார்கள்' என்று எல்லோரும் சொல்வார்கள். நெரிசல் 1950இலும் இருந்தது, அப்போது யாரும் போகவில்லை.

பணம் அங்கே வந்த காரணத்தைப் பார்த்தால் போன காரணம் புரியும். ராஜாஜி சாலையின் பழைய பெயர் ஃபர்ஸ்ட் லைன் பீச். நிஜமாகவே கடற்கரை. துறைமுகம் கட்டுவதற்கு முன்னால் படகில் சரக்கு வந்து இறங்கிய இடம் அது. இறங்கிய சரக்குக்குச் சுங்கம், சுங்கத்துக்குப் பணம், பணத்துக்கு வங்கி, தகராறுக்குக் கோர்ட். எல்லாம் நடந்து போகும் தூரத்தில் இருக்க வேண்டியிருந்தது. தாமஸ் பாரி 1788இல் கடை போட்டார், முனைக்கே அவர் பெயர் வந்துவிட்டது. 1843இல் பேங்க் ஆஃப் மெட்ராஸ் வந்தது. அவர்களுடைய சிவப்புக் கட்டடம்தான் இன்று ராஜாஜி சாலையில் ஸ்டேட் பேங்க். 1906இல் ஆர்பத்நாட் கம்பெனி திவாலாகிப் பலரும் பணத்தைப் பறிகொடுத்தார்கள். நம்மவர் வங்கி ஒன்று வேண்டும் என்று அடுத்த ஆண்டே இந்தியன் பேங்க் தொடங்கியது. பங்குச் சந்தையோ செகண்ட் லைன் பீச் என்ற தெருவில்.

இவை அத்தனைக்கும் அடியில் இருந்தது காகிதம். நீங்கள் வங்கியில் இருந்தவர், உங்களுக்குத் தெரியாததா? மற்ற வங்கிகளின் காசோலைகளைப் பையில் போட்டு, வங்கிகள் தங்களுக்குள் கணக்குத் தீர்க்கும் கிளியரிங்குக்கு ஆள் எடுத்துப் போவார். கோட்டையை ஒட்டி ரிசர்வ் பேங்க். ஆள் நடந்து போய்த் திரும்புகிற தூரத்துக்குள் கிளை இருந்தால்தான் அன்றைய கணக்கு முடியும். பங்குப் பத்திரமும் கையில் கொண்டு போய்க் கொடுப்பதுதான்.

இந்தக் காகிதங்கள் ஒவ்வொன்றாகப் போயின. 1994இல் தேசியப் பங்குச் சந்தை திரையில் வியாபாரம் தொடங்கியது, 1996இல் பங்குகளைக் காகிதம் இல்லாமல் கணக்கில் வைக்கும் டீமேட் வந்தது. செகண்ட் லைன் பீச்சில் கூடி நின்று கத்த வேண்டியதில்லை என்றானது; 2015இல் மெட்ராஸ் பங்குச் சந்தை முறைப்படியே விடைபெற்றது. 2011 செப்டம்பரில் சென்னையில் காசோலையின் படத்தை மட்டும் அனுப்பும் முறை வந்தது. அன்றோடு பையைத் தூக்கிக்கொண்டு நடப்பதும் முடிந்தது. அதற்கெல்லாம் முன்பே பெரிய ஆபீஸுகளின் கண் அண்ணா சாலைப் பக்கம் திரும்பிவிட்டது. 1959இல் எல்.ஐ.சி. பதினான்கு மாடி கட்டியது அங்கேதான். இந்தியன் வங்கியின் தலைமையகம் இப்போது ராயப்பேட்டையில். நிதிநுட்ப நகரம் என்று தமிழக அரசின் தொழில் வளர்ச்சிக் கழகமான டிட்கோ இடம் ஒதுக்கியிருப்பது நந்தம்பாக்கத்தில்.

ஆனால் 'பணம் போய்விட்டது' என்று நீங்கள் சொல்வதில் பாதிதான் உண்மை. போர்டு மாட்டிய பணம் போனது. சவுகார்பேட்டை மின்ட் தெருவில் மெத்தையில் உட்கார்ந்து கடன் கொடுப்பவர்களும், கோடவுன் தெருவில் மூன்று மாதக் கடனில் துணி அனுப்புகிறவர்களும் போகவில்லை. அவர்களுக்கு எதிராளியின் முகத்தைப் பார்க்க வேண்டும். கஸ்டம்ஸ் ஹவுஸ் இருக்கும் வரை கிளியரிங் ஏஜென்டுகளும், ஹைகோர்ட் இருக்கும் வரை வக்கீல்களும் இருப்பார்கள்.

கொத்தவால் சாவடியைக் கோயம்பேட்டுக்கு மாற்றினார்கள், வெளியூர் பஸ் நிலையத்தையும் மாற்றினார்கள். ஆனாலும் பாரிமுனையில் நெரிசல் குறையவே இல்லையே?
– கொடுங்கையூர் வாசகர்

இதற்குக் கொஞ்சம் நீளமாகவே பதில் சொல்கிறேன், ஏனென்றால் என் வேலைக்காலத்தின் பாதி இதில் போனது.

சென்னை எப்படி வளர வேண்டும் என்று வகுத்த முதல் முழுமைத் திட்டம் 1970களின் நடுவில் ஒப்புதல் பெற்றது. ஜார்ஜ் டவுனிலிருந்து மொத்த வியாபாரத்தை வெளியே எடுக்க வேண்டும் என்பது அதன் பெரிய யோசனைகளில் ஒன்று. கோயம்பேடு சந்தை திறந்தது 1996இல். நடுவில் இருபது ஆண்டுகள்! வியாபாரிகள் போக மறுத்தார்கள், வழக்குப் போட்டார்கள். கடைசியில் குறிப்பிட்ட பொருள்களை இன்ன இடத்தில்தான் மொத்த வியாபாரம் செய்யலாம் என்று 1996இல் தனிச் சட்டமே போட வேண்டி வந்தது. இரும்பு வியாபாரத்துக்கு மணலி பக்கம் சாத்தாங்காடு. 2002இல் வெளியூர் பஸ்களும் கோயம்பேடு போயின.

காய்கறி லாரி நின்றதா? நின்றது. அழுகிய முட்டைக்கோஸ் வாசனை போயிற்றா? போயிற்று. சின்ன வயதில் அந்தக் கொத்தவால் சாவடியைப் பார்த்தவர்களுக்கு இது எவ்வளவு பெரிய மாற்றம் என்று தெரியும்.

ஆனால் காலியான கடைக்கு என்ன வரலாம் என்று யாரும் சொல்லவில்லை. வரைபடத்தில் அந்தத் தெருவின் நிறம் முன்பும் வணிகம், பின்பும் வணிகம். காய்கறி போன இடத்துக்குப் பிளாஸ்டிக், பேக்கிங் சாமான், மளிகை மொத்த வியாபாரம், பார்சல் சர்வீஸ் புக்கிங் ஆபீஸ் வந்தன. தக்காளி லாரி விடியற்காலையில் வந்து, சூரியன் ஏறுவதற்குள் காலி செய்துவிட்டுப் போகும்; அழுகிவிடும் என்ற அவசரம் அதற்கு இருந்தது. பிளாஸ்டிக் குடம் அழுகுமா? பகல் முழுக்க மீன்பாடி வண்டியும் குட்டி யானையும் ஏற்றிக்கொண்டும் இறக்கிக்கொண்டும் நிற்கின்றன. லாரியின் அளவு சிறியதானது, எண்ணிக்கை கூடியது, நேரம் பகலுக்கு வந்தது. விளைவு, நீங்கள் பார்ப்பதுதான்.

நாங்கள் வரைபடத்துக்கு வண்ணம் பூசிய காலத்தில் வீட்டுக்கு மஞ்சள், கடைக்கு நீலம். நைனியப்ப நாயக்கன் தெருவில் ரசாயன மொத்த வியாபாரிக்கும் ஆண்டர்சன் தெருவில் கல்யாணப் பத்திரிகை அச்சடிக்கிறவருக்கும் ஒரே நீலம். ஒருவர் வாசலில் டிரம் டிரம்மாக இறங்குகிறது; இன்னொருவர் கடைக்கு மாமாவும் மாமியும் ஆட்டோவில் வந்து பத்திரிகை மாடல் பார்க்கிறார்கள். தெருவுக்கு இவர்கள் தரும் பாரம் ஒன்றாகுமா? சதுர அடிக்கு எத்தனை டன் இறங்குகிறது, எந்த மணிக்கு இறங்குகிறது என்று விதி எழுதினால் பாரிமுனைக்குப் பாதி விமோசனம். இதை ஒரு கூட்டத்தில் சொன்னேன். மேலதிகாரி ஒருவர் 'நேரத்துக்கு என்ன கலர் அடிப்பீர்கள்?' என்று கேட்டார். எல்லோரும் சிரித்தார்கள். டீ வந்தது, அடுத்த பொருளுக்குப் போய்விட்டார்கள்.

பேசாமல் எல்லாவற்றையும் இடித்துவிட்டு மும்பையின் பாந்த்ரா குர்லா காம்ப்ளெக்ஸ் மாதிரி கண்ணாடிக் கட்டடங்களாகக் கட்டிவிட்டால் என்ன?
– அண்ணா நகர் வாசகர்

பி.கே.சி. பெரும்பாலும் சதுப்பு நிலத்தில் எழுந்தது. 1977இலேயே அதற்கு மும்பைப் பெருநகர வளர்ச்சி அமைப்பான எம்.எம்.ஆர்.டி.ஏ.வைத் தனித் திட்ட அமைப்பாக நியமித்தார்கள். ஒரே அமைப்பு தெருவைப் போட்டு, மனை பிரித்து, குத்தகைக்குக் கொடுத்தது. ஜார்ஜ் டவுனில் 18 அடி மனைகள், அறக்கட்டளைச் சொத்துகள், கோயில், பள்ளிவாசல், தேவாலயம், ஒரு அறைக்கு மூன்று தலைமுறை வாடகைதாரர். இதை இடிக்க முதலில் யாரிடம் கையெழுத்து வாங்குவீர்கள்?

அது போகட்டும். ஒருமுறை இடித்தும் பார்த்தாயிற்று, ஐயா. 1758-59இல் பிரெஞ்சுக்காரர்கள் கோட்டையை முற்றுகையிட்டபோது பக்கத்தில் இருந்த பழைய கறுப்பர் நகரத்துக்குள் (இந்தியர்கள் வாழ்ந்த பகுதிக்கு ஆங்கிலேயர் வைத்த பெயர்) புகுந்துகொண்டார்கள். போர் முடிந்ததும் ஆங்கிலேயர் அந்த வீடுகளைத் தரைமட்டமாக்கி, பீரங்கி சுட வசதியாக வெட்டவெளி விட்டார்கள். அந்த வெளியில்தான் பின்னால், 1892இல், ஹைகோர்ட் வந்தது. இதற்குமேல் கட்டக்கூடாது என்று நட்ட எல்லைத் தூண்களில் ஒன்று பாரிமுனையில் டேர் ஹவுஸ் கட்டடத்தின் பக்கம் இன்னும் நிற்கிறது. அடுத்த முறை போகும்போது பாருங்கள். விரட்டப்பட்டவர்கள் கொஞ்சம் வடக்கே தள்ளிப் போய்த் திரும்பவும் கடை போட்டார்கள். இன்றைய ஜார்ஜ் டவுன் அதுதான்.

நீங்கள் வெளியூர் உதாரணம் கேட்டால் நான் வேறொன்று சொல்வேன். நியூயார்க்கின் வால் ஸ்ட்ரீட் பகுதியில் 1990களில் பழைய ஆபீஸ் கட்டடங்கள் காலியாகக் கிடந்தன. 1995 முதல் அவற்றை வீடுகளாக மாற்ற வரிச்சலுகை கொடுத்தார்கள், ஆட்கள் குடிவந்தார்கள். நம் ஊரிலும் பூட்டிய மாடிகளுக்கு அப்படி ஒரு சலுகை கொடுத்தால் என்ன என்று எனக்குத் தோன்றும். 2019 முதல் ஹைகோர்ட்டிலும் மண்ணடியிலும் மெட்ரோ நிற்கிறது. பீச் ஸ்டேஷனிலிருந்து தாம்பரத்துக்கும் வேளச்சேரிக்கும் ரயில். கார் இல்லாமல் குடியிருக்க இதைவிட வசதியான இடம் சென்னையில் எது?

எங்கள் வீடு சவுகார்பேட்டையில் மூன்றாம் மாடி. கீழ் இரண்டு மாடியிலும் ஏதோ ரசாயன டப்பாக்கள் அடுக்கியிருக்கிறார்கள். இருப்பது ஒரே மரப்படி. இரவில் ஷட்டரைப் பூட்டிவிட்டுப் போய்விடுகிறார்கள். யாரிடம் சொல்வது? பகைத்துக்கொள்ளவும் பயமாக இருக்கிறது.
– பெயர் வேண்டாம் என்ற வாசகி

அம்மா, மற்றக் கேள்விகள் காத்திருக்கலாம், இது காத்திருக்காது.

முதல் காரியம், ஷட்டர் சாவி ஒன்று உங்கள் தளத்தில் இருக்க வேண்டும் என்று கடைக்காரரிடமே கேளுங்கள். சண்டையாக வேண்டாம், 'வீட்டில் பெரியவர் இருக்கிறார், ராத்திரி ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டி வந்தால்?' என்று கேளுங்கள். பெரும்பாலும் கொடுத்துவிடுவார்கள். பக்கத்துக் கட்டட மொட்டை மாடிக்குத் தாண்ட வழி இருந்தால் அதை அடைக்காமல் வைத்திருங்கள். சுவரோடு சுவர் ஒட்டிய தெருவில் நெருப்பு சீக்கிரம் தாவும். ஆனால் நீங்கள் தப்பிக்கவும் அந்தச் சுவர்தான் வழி.

இரண்டாவது, எழுத்தில். தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் மாநகராட்சியிடம் இரண்டு தாள் கேளுங்கள்: அந்தக் கட்டடத்தின் திட்ட அனுமதி நகல், அந்த முகவரியில் கொடுத்த தொழில் உரிமங்களின் நகல். அனுமதி குடியிருப்புக்கு என்று இருந்து உள்ளே கிடங்கு நடந்தால், 1971ஆம் ஆண்டு நகர் ஊரமைப்புச் சட்டத்தின் 56, 57 பிரிவுகளில் நோட்டீஸ் விடவும் சீல் வைக்கவும் அதிகாரம் இருக்கிறது. அந்த நகல்களோடு சென்னைப் பெருநகர வளர்ச்சிக் குழுமத்துக்கும் தீயணைப்புத் துறைக்கும் மனு கொடுங்கள். தனியாகக் கையெழுத்துப் போடாதீர்கள். தெருவில் பத்து வீட்டுக்காரர்களாவது சேர்ந்து போடுங்கள். அப்போது கடைக்காரர் யாரை முறைப்பார்?

பர்மா பஜாரை எடுத்துவிட்டால் ராஜாஜி சாலை எவ்வளவு அழகாக இருக்கும்!
– மயிலாப்பூர் வாசகர்

கேள்விக்குறி இல்லை, அதனால் பதிலும் தேவையில்லை. ஆனாலும்: பர்மாவிலிருந்து எல்லாவற்றையும் விட்டுவிட்டுத் திரும்பி வந்தவர்கள் பிழைக்க உருவான வரிசை அது. தெரு வியாபாரிகளுக்கென்று 2014 முதல் மத்தியச் சட்டமும் இருக்கிறது. மாற்று இடம் பற்றிப் பேசாமல் 'எடுத்துவிட' முடியாது. அழகு மயிலாப்பூரிலேயே நிறைய இருக்கிறதே சார்.

நான் நகரமைப்பு படிக்கும் மாணவன். இரண்டாவது முழுமைத் திட்டத்தின் காலம் 2026உடன் முடிகிறது. மூன்றாவது திட்டத்துக்கு ஜார்ஜ் டவுன் பற்றி ஒரு கருத்து அனுப்ப வேண்டும் என்றால் என்ன எழுதலாம்?
– கிண்டி வாசகர்

தம்பி, 'பாரம்பரியத்தைப் பாதுகாத்து நவீன வளர்ச்சியை' என்று ஆரம்பிக்கும் கடிதங்களை நான் நிறையப் படித்திருக்கிறேன். இரண்டாவது வரிக்கு யாரும் போவதில்லை. ஒரே ஒரு தெருவை எடுத்துக்கொள். கோவிந்தப்ப நாயக்கன் தெரு என்று வைத்துக்கொள். காலை ஏழு மணிக்குப் போய் ராத்திரி பத்து வரை நில். எந்தக் கடை வாசலில் எத்தனை மணிக்கு எது இறங்கியது, லோடுமேன் எவ்வளவு தூரம் தூக்கினார், மேல்மாடி ஜன்னல் எத்தனை திறந்திருந்தது, எத்தனை பூட்டியிருந்தது, ஆம்புலன்ஸ் வந்தால் எங்கே மாட்டும் என்று குறித்துக்கொள். பிளாக் எண், டி.எஸ். எண் (நகர நில அளவை எண்) இரண்டோடும் எழுது. அந்த எண் இருந்தால்தான் ஃபைலில் ஏறும்.

அப்புறம் ஒரே ஒரு விதி கேள், பத்து கேட்காதே. நான் கேட்பதாக இருந்தால் இதைக் கேட்பேன்: தொடர் கட்டடப் பகுதியில் பழைய கட்டடத்தை இடிக்காமல் பழுது பார்த்து, மாடியை வீடாகவோ ஆபீஸாகவோ திறப்பவருக்குப் பார்க்கிங் கேட்கக் கூடாது. அரைக் கிலோமீட்டரில் மெட்ரோ இருக்கிற இடத்தில் எதற்குக் கார் நிறுத்தம்?

கடைசியாக ஒன்று. பாரிமுனைக்கு வந்தால் எங்கே சாப்பிடுவீர்கள்?
– மண்ணடியிலிருந்து வேறொரு வாசகர்

செகண்ட் லைன் பீச்சில் அத்தோ, பர்மா நூடுல்ஸ். சாயங்காலம் ஆபீஸ் ஷட்டர் இறங்கிய பிறகு, அதே ஷட்டருக்கு முன்னால் வண்டி போடுவார்கள். வாழைத்தண்டு சூப் சும்மாவே ஊற்றுவார்கள், முட்டை மசாலாவைத் தனியாகக் கேட்க வேண்டும். ஞாயிற்றுக்கிழமை போகாதீர்கள், பாதி வண்டி இருக்காது.